நான் உட்கார்ந்த உளிப்பெட்டி

பெண்களுக்கென்று தனியாக, சிறியதாக, அழகாகச் செய்து விற்கும் எந்தப் பொருளையும் நான் நம்புவதில்லை. பெண்கள் குடை ஒரு தோளை நனைத்துவிடும். பெண்கள் கைக்கடிகாரத்தில் மணி பார்க்க நல்ல கண்ணுள்ள இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். பெண்களுக்கான பூட்டு என்று ஒன்றைக் கண்டியில் ஒரு கடைக்காரர் காட்டினார். என் கொண்டை ஊசியாலேயே அதைத் திறந்துவிட்டேன். (திறந்து காட்டியதற்கு அவருக்குக் கோபம். உள்ளதைச் சொன்னால் யாருக்குப் பிடிக்கிறது?) இந்தக் கொள்கை எனக்கு இருபத்திரண்டு வயதிலேயே முற்றிப் போயிருந்தது. அதனால் ஒருநாள் ஒரு இன்ஸ்பெக்டர், ஒரு மடத்துத் தலைவி, ஒரு சூசையப்பர் சுரூபம், ஒரு சட்டி தயிர் எல்லோருக்கும் முன்னால் என் மானம் போனது.

என் வீட்டார் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்வார்கள். அவர்கள் கதையில் நான் ஒரு கோமாளி. என் கதையிலும் கோமாளிதான். ஆனால் நியாயம் என் பக்கம் இருந்தது. அதை யாராவது எழுதி வைக்க வேண்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

முப்பதுகளின் தொடக்கம் அது. கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் அப்பாவுக்குக் கடைசல் பட்டறை இருந்தது. மரக்கட்டையை இயந்திரத்தில் பூட்டி, காலால் மிதித்துச் சுழலவிட்டு, அதில் உளியைக் காட்டிக் கடைவார். கட்டில் கால், தொட்டில் கம்பி, ரொட்டிக் கட்டை எல்லாம் அங்கே பிறக்கும். அண்ணன்மார் இருவருக்கும் மரத்தூள் ஒத்துவரவில்லை. ஒருவர் ரயில்வேக்கும் ஒருவர் துணிக்கடைக்கும் போய்விட்டார்கள். எனக்கு ஒத்துவந்தது. கால் எட்டத் தொடங்கிய வயதிலேயே மிதிகட்டையில் ஏறிவிட்டேன். பெண்பிள்ளை கடைசல் வேலை செய்கிறாளாமே என்று மாதா கோயிலில் முணுமுணுத்தவர்களிடம் அப்பா, "கட்டில் காலு ஆம்பள கடஞ்சதா பொம்பள கடஞ்சதான்னு படுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்பார். (அம்மா அவரை முறைப்பார். பாவமன்னிப்பு கேட்கப் போகும் நாளில் இன்னும் கொஞ்சம் அதிகமாக முறைப்பார்.)

எங்கள் பக்கத்துக் கன்னியர் மடத்தில், பள்ளிப் படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய விரல் மொத்த மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை. அந்தக் கட்டைகள் தெற்கே காலிப் பட்டினத்துப் பக்கத்திலிருந்து வரவேண்டும். வந்தவற்றில் பாதி கோணல், பாதி விரிசல். மடத்துத் தலைவி மதர் ஒருநாள் முடிவெடுத்துவிட்டார். கட்டைகளை நம் பிள்ளைகளே கடையட்டும். அது கைவந்தால் ரொட்டிக் கட்டை, மெழுகுதிரித் தண்டு, பொத்தான் என்று கடைந்து விற்கட்டும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொழுந்துக் கூடையைத் தவிர வேறொன்றும் கையில் இருக்கட்டும்.

மதர் பிரான்சு தேசத்தவர். திருச்சிராப்பள்ளியில் புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர். அவர் பேசினால் பழைய வேதாகமம் எழுந்து நடப்பது போலிருக்கும். என்னை வரவழைத்து உட்காரச் சொன்னார்.

"மகளே, மரங்கடையும் தொழிலைப் புதிதாய்க் கற்கப்போகும் மாணவியருக்கு எத்தகைய கருவிகள் ஏற்றவையென்று நீயே தெரிந்தெடுப்பாயாக. அவர்களைப் பயிற்றுவிப்பவளும் நீயே ஆவாய்."

அன்று மடத்து வாசலைத் தாண்டி வந்தபோது, பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுவதற்கும் உளி தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது என்று நினைப்பு எனக்கு. எதிரே வந்த மாட்டுவண்டி மரியாதையாக ஒதுங்கியது. (மாடு மிரண்டது என்று பெரியண்ணன் சொல்கிறார். அவர் அங்கே இல்லை.)

உளி தேர்ந்தெடுப்பது என்றால் கத்தரிக்காய் பொறுக்குவது போல என்று நினைப்பவர்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மரம் சுழலும்போது உளி கொஞ்சம் கோணலாகப் பட்டாலும் மரம் அதைக் கடித்து இழுக்கும். பழகிய கை அது வருவதற்கு முன்பே உணர்ந்து விலகிவிடும். பழகாத கைக்கு அது தெரியாது. பிடி குட்டையாக இருந்தால், அந்த இழுப்பைத் தடுக்க விரல்களைத் தவிர வேறொன்றும் இல்லை. உளி எங்கே போகிறதோ விரலும் அங்கேதான் போகும். பிடி நீளமாக இருந்தால் அதை முழங்கைக்குக் கீழே அணைத்து, நுனியை இடுப்பெலும்பில் ஊன்றிக்கொள்ளலாம். மரம் கடித்தால் கடிக்கட்டும், முழு உடம்பும் தாங்கும். ஆகவே சிறு பிள்ளைக்குச் சிறு உளி என்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம். சிறு பிள்ளைக்குத்தான் நீளமான உளி வேண்டும். அடுத்தது, புதிதாகப் படிக்கிறவள் முன்னால் ஒரு டஜன் உளியைப் பரப்பினால் அவள் ஒரு டஜன் விதமாகப் பயப்படுவாள். மூன்று போதும். கட்டையை உருட்டையாக்க வாய் குழிந்த உளி ஒன்று, வழவழப்பாக்கச் சுரண்டுகிற உளி ஒன்று, வேண்டிய இடத்தில் துண்டாக்க ஒடுங்கிய உளி ஒன்று. இதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

உளி அலகுகளுக்கு அக்குறணையில் ஒரு இரும்புக் கடைக்குப் போனேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ் பிடித்து, கையில் பல அளவில் வெட்டிய மூங்கில் துண்டுகளோடு போனேன். ஒவ்வொரு அலகோடும் ஒரு மூங்கிலைச் சேர்த்துப் பிடித்து, இடுப்பில் ஊன்றி, கடை நடுவில் நின்று ஒரு காலால் காற்றை மிதித்துப் பார்த்தேன். தெருவில் போனவர்கள் நின்றார்கள். நின்றவர்களைப் பார்க்க வேறு சிலர் நின்றார்கள்.

கடைக்கார நானா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க உளி எடுக்க வந்தீங்களா, இல்லாட்டி சட்டைக்கு அளவெடுக்க வந்தீங்களா?"

"புள்ளைங்களுக்கு இடுப்புல நிக்கணும் நானா. இல்லாட்டி வெரல் போயிரும்."

"யா அல்லாஹ்! அப்ப அவசரமில்ல. எல்லாத்தையும் நல்லாப் பாத்தே எடுங்க" என்று ஒரு கதிரையையும் எடுத்துப் போட்டார். (அவருக்கு விளங்கியது. அதற்குப் பிறகு வந்த படித்தவர்களுக்குத்தான் விளங்கவில்லை.)

பிடிகளை அப்பாவின் பட்டறையில் நானே கொய்யா மரத்தில் கடைந்தேன். ஒவ்வொரு பிள்ளையையும் இயந்திரத்தின் முன் நிறுத்தி, அவள் கை நீளத்துக்கும் இடுப்புக்கும் தக்கபடி வெட்டினேன். வகுப்பில் எல்லோரிலும் குள்ளம் பிலோமினா. ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துப் பிள்ளை, பதினேழு வயது இருக்கும். அம்மாவும் அக்காமாரும் கொழுந்து பறிக்கிறவர்கள். பேசவே மாட்டாள். அவளுக்கு நான் கொடுத்த உளி அவள் தோளைத் தொட்டது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் ஈட்டி பிடித்த சம்மனசு மிக்கேல் போலத்தான் இருக்கும்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது சீமையிலிருந்து அந்தப் பெட்டி வந்தது.

மடத்துக்கு உதவி செய்யும் ஒரு சீமாட்டி, கண்டிப் பெண்பிள்ளைகள் மரம் கடையப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனமுருகி அனுப்பியிருந்தார். வழவழவென்று பாலிஷ் செய்த மரப்பெட்டி, பித்தளைக் கொக்கி, உள்ளே நீல வெல்வெட். வெல்வெட்டில் ஒரு டஜன் குட்டி உளிகள் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் பிடியும் என் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒவ்வொரு பிடியிலும் ஊதாப்பூ வரைந்திருந்தது. இரும்பில் செய்த பல்லுக்குச்சிகள்! நான் பெட்டியை மூடி அலுமாரிக்கு மேலே தள்ளிவிட்டேன்.

மதர் மெதுவாகச் சொன்னார்: "மகளே, ஈந்தவரின் மனம் நோகலாகாது. பரிசோதகர் வருகிற நாளிலாவது அப்பெட்டி மேசைமேல் இருக்கக்கடவது."

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்பது சின்ன விஷயமில்லை. அவர் தலையசைத்தால்தான் வகுப்பு நடக்கும். உதட்டைப் பிதுக்கினால் அரசாங்க அனுமதி கிடையாது. இயந்திரங்களைக் கழற்ற வேண்டும், பிலோமினாவும் மற்றப் பிள்ளைகளும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். அதை நினைத்து நான் இரவெல்லாம் ஒரு சொற்பொழிவு தயாரித்தேன். அப்பாவின் பட்டறையில் கட்டில் கால்களை வரிசையாக நிறுத்தி அவற்றுக்கு முன்னால் பேசியும் பார்த்தேன். கட்டில் கால்கள் ஒன்றுகூட மறுத்துப் பேசவில்லை.

அன்று புது மஞ்சள் பட்டு உடுத்தினேன். பிள்ளைகளுக்கு முந்தானையை இறுக்கிச் செருகு, கைச்சட்டையை மடி, பின்னலைச் சுருட்டிக் கொண்டை போடு என்று தினமும் கத்துகிறவள், அன்று என் முந்தானையை மட்டும் முழங்கால் வரை தொங்கவிட்டிருந்தேன். அழகுக்கு அழகு, சட்டத்துக்குச் சட்டம் என்று அந்த வயதில் எனக்குள் ஒரு ஏற்பாடு.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்தவர். வெள்ளைக் கோட்டு, தங்கச் சங்கிலிக் கடிகாரம், அதற்குப் பின்னால் நல்ல கம்பீரமான வயிறு. கெட்ட மனிதர் இல்லை. எதைப் பார்த்தாலும் அது தனக்கு முன்பே தெரியும் என்ற முகம், அவ்வளவுதான். வகுப்பறைக் கதவுக்கு வெளியே விறாந்தையில் அவருக்காகத் தேநீர் மேசை போட்டிருந்தது. கேக், வாழைப்பழம், நடுவில் பெரிய சட்டியில் எருமைத் தயிர், பக்கத்தில் அதன்மேல் ஊற்றக் கித்துள் பாணி. மேசைக்குப் பின்னால் தச்சரான சூசையப்பரின் சுரூபம் கையில் வாச்சியோடு நின்றது.

வகுப்பறைக்குள் இருந்த மேசைமேல் ஒரு பக்கம் சீமைப் பெட்டி. மறுபக்கம் என் உளிகள். இன்ஸ்பெக்டர் என்னுடையதில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, உளியோ ஈட்டியோ?"

நான் சொற்பொழிவைத் தொடங்கினேன். பாதியில் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"விரல் மொத்தக் கட்டை கடையிறதுக்கு உவ்வளவு நீட்டு உளியோ? எனக்கு விளங்கேல்லை. இஞ்ச பாரும், சீமையில இருந்து எவ்வளவு வடிவான சாமான் வந்திருக்கு. பொம்பிளைப் பிள்ளையளுக்கு எண்டே அளவா செய்திருக்கிறாங்கள். உதை ஏன் பாவிக்கேல்லை?"

"அது ஆபத்துங்க ஐயா. மரம் கடிச்சி இழுத்துரும். இப்பவே காட்டுறேன் பாருங்க" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு பெட்டியிலிருந்து ஊதாப்பூ உளி ஒன்றை உருவினேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களை வரிசையில் நிறுத்தினால் இது முன்வரிசையில் நிற்கும். மணிக்கட்டு மொத்தத்தில் ஒரு சதுரக் கட்டையைப் பூட்டினேன். மிதித்தேன். "பாருங்க, இப்பக் கடிக்கும்" என்று உளியை வைத்தேன்.

கடிக்கவில்லை.

மரச்சுருள் இடியாப்பமாக வந்து விழுந்தது. உளியைக் கோணலாகப் பிடித்தேன். மரம் இன்னும் வழவழப்பானது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தேன். பத்து வருடம் பழகிய கை, நான் கெஞ்சினாலும் தப்புச் செய்ய மறுத்துவிட்டது. மரம் கடிக்கப் போகும்போதெல்லாம் என்னைக் கேட்காமலே விலகிக்கொண்டது. கடைசியில் அந்த விளங்காத உளியால் நான் செய்தது, அந்த ஊரில் அதுவரை யாரும் பார்க்காத அழகான ஒரு மெழுகுதிரித் தண்டு. பிள்ளைகள் கைதட்டினார்கள். (துரோகிகள்!)

"நல்லாத்தானே போகுது பிள்ளை" என்றார் இன்ஸ்பெக்டர் மிகவும் சாந்தமாக.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. நீள உளிய வச்சிச் செஞ்சு காட்டுறேன், வித்தியாசம் தெரியும்" என்று என்னுடையதை எடுத்தேன். புதுக் கட்டை ஒன்றைப் பூட்டி, பிடியை இடுப்பில் ஊன்றி, பட்டறையில் பழகியபடி உடம்போடு சேர்த்து வலப்பக்கமாகத் திரும்பினேன். வித்தியாசத்தை நன்றாகப் பார்க்க வேண்டுமென்று இன்ஸ்பெக்டர் என் வலப்பக்கத்தில்தான் குனிந்து நின்றிருந்தார். உளியின் வால் அவருடைய கம்பீரத்தின் நடுவில் போய்ப் பதிந்தது.

"ஐயோ!" என்றார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மரத்தூளில் விழுந்தது. நான் தேடி எடுத்து, என் புடவையில் துடைத்து, தலைகீழாக மாட்டிவிட்டேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "மதர், சீமை உளியே போதும். உந்த ஈட்டியளை ஒதுக்கிப் போடுங்கோ. இப்ப ஒரு பிள்ளை இந்தச் சின்ன உளியால செய்து காட்டட்டும். பாத்திட்டு முடிவு சொல்லுறன்." வரிசையில் முதலில் நின்ற பிலோமினாவைக் காட்டினார். "நீர் வாரும் பிள்ளை."

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்தது. பிலோமினா அந்த உளியைப் பிடித்தால் மரம் கட்டாயம் கடிக்கும். நான் சொன்னது சரியென்று அப்போதே நிரூபணமாகிவிடும். சொற்பொழிவே வேண்டாம், அவளுடைய விரல் சொல்லிவிடும். நான் பேசாமல் நின்றால் போதும். அவளோ பெரியவர்கள் சொன்னால் நெருப்பிலும் கை வைக்கிற பிள்ளை. பெட்டியை நோக்கிக் கையை நீட்டிவிட்டாள்.

பெட்டியை டப்பென்று மூடி, மேசையிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மஞ்சள் பட்டு உடுத்த ஒரு டீச்சர், இன்ஸ்பெக்டரின் முழங்கால் உயரத்தில், கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கிறாள்.

"எழும்பும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எந்திரிக்க முடியாதுங்க."

"ஏன் முடியாது?"

"எந்திரிச்சா அந்தப் புள்ள எடுத்துருவா."

மதர் முன்னால் வந்தார். அவர் முகம் சிவந்து போயிருந்தது. "மகளே, எழுந்திருக்கக்கடவாய். இது கீழ்ப்படியாமை என்று அறிவாயா?"

"தெரியும் மதர்."

"இதனால் வகுப்பே இல்லாமற்போகும் என்று அறிவாயா?"

அதுவும் தெரிந்தது. "வகுப்பு போனா புள்ளைங்க கூடையத் தூக்கிப் பொழச்சிக்குவாங்க மதர். வெரல் போனா அதுக்கும் வழியில்ல" என்று சொல்லிவிட்டேன். கத்திவிட்டேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். இருக்கலாம்.

இன்ஸ்பெக்டருக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. பெட்டியை நான் மூடிவிட்டேன், சரி. ஆனால் நான் மெழுகுதிரித் தண்டு கடைந்த ஊதாப்பூ உளி இயந்திரத்தின் மேலேயே கிடந்தது. அதை அவர் எடுத்தார்.

"இவ்வளவு ஆர்ப்பாட்டமோ? நான் செய்து காட்டுறன் பாரும்!"

"ஐயா, வேணாங்க! ஒங்க வெரலும் வெரலுதாங்க!" என்று துள்ளி எழப் பார்த்தேன். முடியவில்லை. நான் செருகியிருந்த முந்தானை எப்போதோ அவிழ்ந்து பெட்டியின் பித்தளைக் கொக்கியில் சிக்கியிருந்தது. பாதி எழுந்து, மறுபடி தொப்பென்று பெட்டியின்மேலேயே விழுந்தேன்.

அவர் மிதித்தார். உளியை வைத்தார்.

கடித்தது.

படார் என்று ஒரு சத்தம். உளி அவர் கையிலிருந்து பறந்து சுவரில் மோதியது. பூட்டு விட்ட கட்டை அவருடைய தோளுக்கு மேலாக, மதரின் முக்காட்டுக்குப் பக்கமாக, கதவு வழியே விறாந்தைக்குப் போய்த் தயிர்ச் சட்டியில் இறங்கியது. சட்டி இரண்டாகப் பிளந்தது. தயிர் எழுந்து சூசையப்பரின் தாடியில் போய் நின்றது. இன்ஸ்பெக்டர் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

நியாயம் வென்றுவிட்டது என்று நான் நினைத்தேன். பாருங்கள் என் புத்தியை! யாரோ கொண்டுவந்த பாத்திரத் தண்ணீரில் விரலை முக்கிக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "மதர், எனக்கு இப்பதான் வடிவா விளங்குது. உது பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஏத்த தொழிலே இல்லை. வகுப்பை மூடுறதுதான் நல்லம்."

"ஐயா, ஏத்ததில்லாதது உளிங்க! தொழில் இல்லீங்க!" என்று பெட்டியின்மேலிருந்து கத்தினேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. கொக்கியோடு கட்டிப்போட்ட ஆட்டை யார் கணக்கெடுக்கப் போகிறார்கள்?

அப்போதுதான் இயந்திரத்தின் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது.

பிலோமினா யாரையும் கேட்காமல் புதுக் கட்டை ஒன்றைப் பூட்டியிருந்தாள். தன் நீள உளியை முழங்கைக்குக் கீழே அணைத்து, வாலை இடுப்பில் ஊன்றி, மிதித்துக்கொண்டிருந்தாள். அவள் வகுப்புக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சுருள் ஒழுங்காக வரவில்லை, துண்டும் துணுக்குமாகத் தெறித்தது. கட்டை உருட்டையாவதற்குப் பதிலாக முருங்கைக்காய் போல வளைந்துகொண்டிருந்தது. நடுவில் மரம் கடித்தது. படார் என்று அதே சத்தம். இன்ஸ்பெக்டர் ஒரு அடி பின்னால் போனார்.

பிலோமினாவின் இடுப்பு கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான். உளி அவள் கையிலேயே இருந்தது.

"கடிச்சிருச்சிங்க டீச்சரம்மா" என்று என்னிடம் தகவல் சொல்லிவிட்டு மறுபடி மிதித்தாள்.

இன்ஸ்பெக்டர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டை முடிந்ததும் அவளைக் கூப்பிட்டார். "நோகேல்லையோ பிள்ளை?"

"இல்லீங்களே."

"கையைக் காட்டும்."

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார். பாத்திரத்தில் கிடந்த தன் பெருவிரலையும் பார்த்தார். அது அதற்குள் நல்ல கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. பிறகு மதரிடம் திரும்பினார்.

"சரி. வகுப்பு நடக்கட்டும். நீட்டு உளியையே வைச்சுக்கொள்ளுங்கோ." நான் வாயைத் திறப்பதற்குள் சேர்த்துச் சொன்னார்: "ஆனா ஒரு நிபந்தனை. இனிமேல் ஆராவது பெரியாக்கள் வாற நேரம் இந்த டீச்சரை மட்டும் வகுப்புக்குள்ள விட வேண்டாம்."

"அப்படியே ஆகக்கடவது" என்றார் மதர், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

அந்த நிபந்தனையை மதர் பத்துக் கட்டளைகளோடு சேர்த்துக் காப்பாற்றினார். மடத்துக்குள் கார் நுழையும் சத்தம் கேட்டால் போதும், என்னைக் கோயிலுக்கு அனுப்பி மெழுகுதிரித் தண்டுகளைத் துடைக்கச் சொல்வார். எந்தத் துரைசானி வந்தாலும் என் வகுப்பை என்னைத் தவிர எல்லோரும் நின்று காட்டினார்கள். நானும் துடைத்தேன். துடைத்த தண்டுகளில் பாதி என் பிள்ளைகள் கடைந்தவை என்பதால் பொறுத்துக்கொண்டேன். (முழுவதும் பொறுத்தேன் என்று சொல்ல முடியாது. யன்னல் வழியாகக் கொஞ்சம் சத்தமாகவே இருமுவேன்.) சீமைப் பெட்டி மடத்துச் சமையலறைக்குப் போனது. கிறிஸ்மஸ் கேக்கின் ஐசிங்கில் பூ வேலை செய்ய அந்த உளிகளைப்போல ஒரு சாமான் கிடையாது என்று குசினிச் சிஸ்டர் சொல்வார். அதன் கொக்கியில் என் மஞ்சள் பட்டின் ஒரு கிழிசல் கடைசிவரை இருந்ததாம்.

சில வருடங்களுக்குப் பிறகு ஹுன்னஸ்கிரியவில் பிலோமினாவுக்குக் கல்யாணம். எனக்கும் அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. கணவரோடு போனேன். தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் பந்தல் போட்டு, எங்கெங்கிருந்தோ இரவல் வாங்கிய கதிரைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். முன்வரிசையில் எனக்கென்று விட்ட இடத்தில் மட்டும் கதிரை இல்லை. வெள்ளைத் துணி விரித்த ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது.

வாயே திறக்காத அந்தப் பிலோமினா மணப்பெண் கோலத்தில் வந்து, மோதிரம் போட்ட கையால் பெட்டியைத் தட்டினாள். "ஒக்காருங்க டீச்சரம்மா. இங்க இருந்து ஒங்கள யாரும் எழுப்ப மாட்டாங்க." பந்தல் முழுக்கச் சிரித்தது. என் பழைய மாணவிகள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். அவள் கையைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்தேன்.

அன்று அதிகம் சிரித்தவர் என் கணவர். கதை முழுவதையும் மாணவிகளிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது பிடிவாதம் பிடித்தால், "குந்திட்டான்" என்பார்கள். பள்ளிக்கூடம் போக மறுக்கும் பேரன் குந்துகிறான். வரதட்சணை பேசிய மாப்பிள்ளை வீட்டாரைத் திருப்பி அனுப்பிய நாளில் என் மகளும் குந்தினாள். (அதில் எனக்குப் பெருமைதான்.) ஆனால் கணவர் மட்டும், "அவ எங்க குந்துனா? சேல சிக்கிருச்சி, எந்திரிக்க முடியல, அதான் வீரமாப் போயிருச்சி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சேலை சிக்கியது பிறகு. நான் உட்கார்ந்தது முதலில். இந்த ஒழுங்கை மாற்ற அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

போன தை மாதம் இளைய மகனின் கல்யாண வீடு. பிலோமினாவின் கல்யாணத்திலிருந்து வந்த வழக்கம்போல முன்வரிசையில் எனக்குப் பெட்டி போட்டிருந்தார்கள். இந்த முறை புது மருமகள் வீட்டார், வயதான அம்மா பாவம் என்று, பெட்டிக்கு மேலே பூப்போட்ட ஒரு மெத்தையும் வைத்திருந்தார்கள். எல்லோரும் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெத்தையை எடுத்துக் கணவரின் மடியில் வைத்துவிட்டு வெறும் பெட்டியில் உட்கார்ந்தேன்.